பல்புக்கென்று தனி வைஃபை வைக்கலாமா?

புது ஸ்மார்ட் பல்ப் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து ‘சாதனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று ஒரு வரி. பாஸ்வேர்டைத் திரும்ப அடிக்கிறோம், பல்பை அணைத்து அணைத்துப் போடுகிறோம், கடைசியில் பொறுமை போய் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் புகுந்து எதையோ மாற்றுகிறோம். பல்ப் இணைந்துவிடுகிறது. எதை மாற்றினோம் என்று யாரும் குறித்து வைப்பதில்லை.

நானும் குறித்து வைக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ரூட்டர் பழுதாகி வேறொன்றை வைத்தபோது, பதினோரு சாதனங்களையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்ய ஏணி போட்டு ஏற வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்று உறைத்தது. பல்பை இணைப்பது ஒரு நாள் வேலை. அதற்காக ரூட்டரில் செய்யும் ஏற்பாடு வருடக்கணக்கில் கூடவே இருக்கும். அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் ‘இணைகிறதா, இல்லையா’ என்று மட்டும் பார்க்கப்போவதில்லை. பாஸ்வேர்ட் மாற்றும் நாளில், ரூட்டர் மாற்றும் நாளில் அது என்ன பாடு படுத்தும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

அடம் எங்கே தொடங்குகிறது

இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் குறைந்தது இரண்டு அலைவரிசைகளில் பேசும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முன்னது மெதுவானது, ஆனால் சுவர் தாண்டிப் போகும். பின்னது வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். பல்ப், பிளக், சென்சார் போன்றவற்றுக்கு வேகம் தேவையே இல்லை. ‘எரி’, ‘அணை’ என்று சொல்ல எத்தனை பைட் வேண்டும்? அதனால் இவற்றைச் செய்பவர்கள் 2.4 மட்டும் தெரிந்த மலிவான சிப்பைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த இஎஸ்பி8266, 2016-இல் வந்த இஎஸ்பி32 இரண்டும் இந்த வகைதான். பல பிராண்டுகளின் பிளக்குகளைத் திறந்து பார்த்தால் உள்ளே இவற்றில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

சரி, பல்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும், ரூட்டரும் 2.4-இல் பேசுகிறது. பிறகு ஏன் இணைய மறுக்கிறது? பல நேரங்களில் சிக்கல் பல்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் இல்லை. பல்புக்கும் உங்கள் செல்போனுக்கும் நடுவில் இருக்கிறது.

பல்புக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அதன் காதில் யாராவது ஓத வேண்டும். சில சாதனங்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. செல்போன் ஏற்கெனவே இணைந்திருக்கும் வைஃபையில் வரிசையாகத் தரவுப் பொட்டலங்களை அனுப்பும். உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருப்பதால் பல்பால் படிக்க முடியாது. ஆனால் பொட்டலத்தின் நீளத்தை வெளியிலிருந்தே அளக்கலாம். பாஸ்வேர்டின் எழுத்துகளை அந்த நீளங்களில் ஒளித்து வைத்து அனுப்புகிறது செல்போன். பல்ப் ஒட்டுக்கேட்டு, நீளங்களைக் கூட்டி எழுத்தாக்கிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் செல்போன் அந்த நேரம் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பல்பின் காதில் எதுவுமே விழாது. சுற்றும் வட்டத்தின் கதை இதுதான்.

வேறு சில சாதனங்கள் தாங்களே ஒரு சின்ன ஹாட்ஸ்பாட்டைத் திறக்கும். செல்போன் அதில் சேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுக்கும். இதில் செல்போன் எந்த அலைவரிசையில் இருந்தது என்பது பொருட்டே இல்லை. ஆனால் ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று செல்போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். இணைக்கும் நேரத்துக்கு மட்டும் டேட்டாவை அணைத்து வையுங்கள். புதிதாக வருபவற்றில் பல புளூடூத் வழியாகவே பாஸ்வேர்டை வாங்கிக்கொள்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லைகள் இரண்டும் கிடையாது.

ஆக, உங்கள் பல்ப் எந்த வகை என்று தெரியாமலேயே ‘ரூட்டரில் இரண்டு அலைவரிசையையும் பிரித்துவிடு’ என்று யாராவது சொன்னால், அது தலைவலிக்குக் கட்டில் மாற்றச் சொல்வதுபோல. சில நேரம் சரியாகும், காரணம் வேறாக இருக்கும்.

ஒரே பெயரா, இரண்டு பெயரா

பல ரூட்டர்கள் வரும்போதே இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் என்றுதான் வருகின்றன. அமைப்புப் பக்கத்தில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’, ‘பேண்ட் ஸ்டீயரிங்’ என்று ஏதாவது பெயரில் இருக்கும். எந்தச் சாதனத்தை எங்கே வைப்பது என்பதில் ரூட்டரும் தலையிடும். செல்போனுக்கும் மடிக்கணினிக்கும் இது சொகுசு. அறைக்கு அறை நடந்தாலும் நாம் எதையும் தொட வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் பல ரூட்டர்கள் ஒரு வேலை செய்யும். 2.4-இல் ஒரு சாதனம் கதவைத் தட்டினால் முதல் சில தடவை வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கும். 5-க்குப் போகட்டும் என்று. 5 தெரியாத பல்ப் போவதற்கு வேறு வாசல் கிடையாது. பொறுமைசாலியான பல்ப் திரும்பத் தட்டி உள்ளே வந்துவிடும். பொறுமையில்லாதது ‘பாஸ்வேர்ட் தவறு’ என்று பொய் சொல்லிவிட்டுக் கையை விரிக்கும்.

ஒரே பெயரை விட மனமில்லையா? இணைக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு, எல்லாம் சேர்ந்த பிறகு திரும்பப் போடுங்கள். அமைப்பைத் தொடப் பயமாக இருந்தால், பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரூட்டரிலிருந்து தள்ளி இருக்கும் அறைக்குப் போய் இணைத்துப் பாருங்கள். தொலைவு கூடும்போது செல்போன் தானாக 2.4-க்கு இறங்கும் வாய்ப்பு அதிகம். மூன்று நான்கு சாதனம் உள்ள வீட்டுக்கு இதுவே போதும். மேலே எதுவும் செய்யாதீர்கள்.

இரண்டு பெயராகப் பிரிப்பதுதான் எங்கும் கேட்கும் அறிவுரை. இணைக்கும் நாளில் அது நிச்சயம் உதவும். மறுநாளிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் பிரச்சினை. அடுக்களைக்குப் போன செல்போன் மெதுவான பெயரில் ஒட்டிக்கொண்டு, கூடத்துக்கு வந்த பிறகும் அதை விடாது. ‘நெட் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது’ என்ற கேள்விக்கு நீங்கள் தினமும் பதில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு தவறான நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பல்ப் 2.4-இல் இருந்தால் அதை இயக்கும் செல்போனும் எப்போதும் 2.4-இல் இருக்க வேண்டும் என்று. தேவையில்லை. இரண்டு பெயரும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே ஒரே கூடம்தான். இணைக்கும் அந்தச் சில நிமிடம் தவிர, செல்போன் 5-இல் தாராளமாக இருக்கலாம்.

பாஸ்வேர்ட் மாற்றும் நாளை யோசித்துப் பார்த்தால் இந்த இரண்டு வழிகளும் ஒன்றேதான். ஒரே பெயரில் எல்லாமே ஒரே பாஸ்வேர்டில் தொங்குகின்றன. இரண்டாகப் பிரித்தாலும் 2.4-இல் செல்போன்களும் கலந்தே இருக்கும். வந்து போனவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு ஒருநாள் மாற்றலாம் என்று நினைத்தால், ஏணியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விருந்தினர் அறையில் குடிவைத்தால்

கெஸ்ட் நெட்வொர்க் என்ற ஒன்று ரூட்டரில் சும்மா கிடக்கிறதே, சாதனங்களை அதில் போட்டால் என்ன? நல்ல யோசனைதான். பாதுகாப்பு நோக்கில் இதைப் பரிந்துரைப்பவர்கள் நிறைய. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப்போட்டது. அந்த வருடம் அக்டோபர் 21 அன்று, டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் நிறுவனம்) மீது அவற்றைக் கொண்டு தாக்கியதில் ட்விட்டர் உட்பட பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவே இல்லை. கேமராவை நம்பி வீட்டுக்குள் விடத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

கெஸ்ட் நெட்வொர்க் செய்வது என்னவென்றால், அதில் உள்ள சாதனத்துக்கு இணையத்தை மட்டும் காட்டும். உங்கள் கணினி, பிரிண்டர், சேமிப்புப் பெட்டி இவற்றை மறைத்துவிடும். கேமரா கெட்டுப்போனாலும் மற்றவற்றின் மீது கை வைக்க முடியாது. கேமராவே கெட்டுப்போகாமல் இது காக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு கேமராவின் சொந்த பாஸ்வேர்டை மாற்றி, அப்டேட்டுகளைப் போட்டு, ரூட்டரில் யூபிஎன்பி என்பதை அணைத்து வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சாதனம் நம்மைக் கேட்காமலேயே வெளி உலகத்துக்கு ஒரு வாசலைத் திறந்துகொள்ள அனுமதிப்பது அந்த யூபிஎன்பிதான்.

ஆனால் மறைப்பது இருபுறமும் மறைக்கும். நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிப்போய் வேலை செய்யும் பல்புக்கும் பிளக்குக்கும் இதில் குறையில்லை. செல்போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவது, பிரிண்டரில் அச்சடிப்பது, வீட்டுக்குள்ளேயே நேரடியாகப் பேசும் சாதனங்கள் எல்லாம் நின்றுபோகும். இவை ஒன்றையொன்று தேடிக்கொள்ள வீட்டுக்குள் சத்தமாகக் கூப்பிட்டுக்கொள்பவை. சுவர் வைத்தால் குரல் கேட்காது. இன்னொன்று: சில ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் சில மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும், சிலவற்றில் உள்ளே நுழைய ஒரு பக்கத்தில் ‘சம்மதம்’ என்று அழுத்த வேண்டும். பல்பால் அழுத்த முடியாது. இந்த இரண்டும் உங்கள் ரூட்டரில் உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பழைய ரூட்டரைத் தூசி தட்டுவது

பரணில் இருக்கும் பழைய ரூட்டரை எடுத்து, புதியதன் பின்னால் செருகி, ‘இது சாதனங்களுக்கு மட்டும்’ என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பானது என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை தலைகீழ். ரூட்டரின் தடுப்பு, வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் நிறுத்தும். பழைய ரூட்டருக்கு உங்கள் புது ரூட்டரின் நெட்வொர்க்தான் ‘வெளி’. ஆகவே அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேமரா உங்கள் மடிக்கணினியைத் தாராளமாக எட்டலாம். உங்கள் செல்போன்தான் கேமராவை நேரடியாக எட்ட முடியாது. திருடனை உள்ளே வைத்து, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திய கதை. அப்டேட் நின்றுபோன பழைய ரூட்டர் என்றால் அதுவே இன்னொரு ஓட்டை. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சாதனங்களுக்கென்று ஒரு பெயர்

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. புதிய ரூட்டர்கள் சிலவற்றில் ‘ஐஓடி நெட்வொர்க்’ (ஐஓடி என்றால் இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருட்கள்) என்று தனியாக ஒரு பெயர் வைக்க இடம் இருக்கிறது. அதை 2.4-இல் மட்டும் இயக்கலாம், அதற்கென்று தனி பாஸ்வேர்ட் வைக்கலாம். செல்போன்களுக்கான முதன்மைப் பெயர், இரண்டு அலைவரிசையும் சேர்ந்த ஒரே பெயராக அப்படியே இருக்கலாம். இப்படி ஒரு வசதி இல்லாத ரூட்டரில், கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-இல் மட்டும் போட்டு, ‘உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி’ என்ற தேர்வை டிக் செய்தால் ஏறக்குறைய இதே பலன். டிக் செய்த பிறகு அந்த மறைப்புச் சுவர் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும். அது வேண்டும் என்பவர்கள் டிக் செய்யாமல் விட்டு, டிவியையும் பிரிண்டரையும் முதன்மைப் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் இந்த இரண்டாவதைத்தான் செய்திருக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது இணைக்கும் நாள் அல்ல. முதன்மைப் பெயரின் பாஸ்வேர்டை நினைத்தபோது மாற்றலாம். ஒரு பல்புக்கும் தெரியாது. புது ரூட்டர் வாங்கினால் சாதனப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து பிசகாமல் அதில் அடித்துவிட்டால் போதும். பூட்டு வகையும் (வைஃபையின் பாதுகாப்பு முறை) பழையதுபோலவே இருந்தால் எல்லாம் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாமே கணக்கில் வரும்.

பூட்டு வகையில்தான் இன்னொரு அனுகூலம். டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 2004-ஐச் சேர்ந்தது. பழைய பல்புகளுக்கு 3 தெரியாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில்கூடச் சில குழம்பிப்போகும். எல்லாம் ஒரே பெயரில் இருந்தால், ஒரு பழைய பிளக்குக்காக வீட்டின் மொத்தப் பூட்டையும் இறக்க வேண்டி வரும். தனிப் பெயர் இருந்தால் சாதனங்களுக்கு 2, செல்போன்களுக்கு 3 என்று முடிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வைஃபை பெயரும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று நொடிக்குச் சுமார் பத்து தடவை, மெதுவான வேகத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கும். பெயர் கூடக் கூட அலைவரிசையில் நெரிசல். இரண்டு மூன்று பெயர்கள் பரவாயில்லை. மாடிக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என்று கிளம்பாதீர்கள்.

பெயர் வைக்கும்போது ஒரு வார்த்தை. வைஃபை பெயருக்கு இடம் 32 பைட்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் மெய்க்கு மூன்று, அதன் புள்ளிக்கு மூன்று, கால் கொம்புக்கும் மூன்று. ‘எங்கள் வீடு’ என்று வைத்தால் 31 பைட் ஆகிவிடும். இன்னொரு தமிழ் எழுத்துகூட மேலே சேர்க்க முடியாது. செல்போன்களுக்கான பெயரை ஆசைக்குத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன். சாதனங்களுக்கான பெயரிலும் பாஸ்வேர்டிலும் மட்டும் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். மலிவான சிப்புகளில் சில, வேறு எழுத்தைக் கண்டால் திணறும்.

வைஃபையே வேண்டாம் என்றால்

சாதனங்கள் இருபது முப்பதைத் தாண்டப்போகின்றன என்றால் கேள்வியே மாறுகிறது. சாதாரண ரூட்டர்கள் பல, ஓர் அலைவரிசையில் சில பத்துச் சாதனங்களுக்கு மேல் வந்தால் மூச்சுத் திணறும். ஜிக்பீ, த்ரெட் போன்ற, வைஃபை அல்லாத, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்பியில்லா முறைகள் இதற்காகவே உருவானவை. ஹப் என்ற ஒரு நடுவர் பெட்டி, ரூட்டரோடு ஒரே கம்பியில் இணைந்திருக்கும். பல்புகள் எல்லாம் அந்த ஹப்போடு மட்டும் பேசும். வைஃபை பாஸ்வேர்டை என்ன செய்தாலும், ரூட்டரையே மாற்றினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஏணிக்கு உண்மையான மாற்று இதுதான். பேட்டரியில் ஓடும் கதவு சென்சார், வெப்பமானி போன்றவற்றுக்கு இன்னும் பொருத்தம். வைஃபையில் விரைவாகத் தீரும் பேட்டரி இதில் மாதக்கணக்கில் வரும்.

ஹப்புக்குத் தனிச் செலவு, தனி இடம். மின்சாரத்தில் ஓடும் பல்புகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றித்தான் தொலைவு போகின்றன. நடுவில் ஒருவர் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் கடைசி அறைப் பல்ப் ஊமையாகலாம். ஜிக்பீயும் அதே 2.4-இல்தான் வாழ்கிறது. அலைவரிசைக்குள் இருக்கும் சிறு பிரிவுகளைச் சேனல் என்பார்கள்; வைஃபை 11-ஆம் சேனல்வரை எதில் இருந்தாலும் ஹப்பை 25-ஆம் சேனலுக்கு மாற்றினால் பெரும்பாலும் உரசல் இருக்காது. இரண்டுக்கும் சேனல் எண் ஒன்றுபோல் இருப்பதால் ஒரே இடம் என்று எண்ணிவிட வேண்டாம். 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொது மொழி, பிராண்டுக்கு ஒரு ஹப் என்ற தொல்லையைக் குறைக்கப் பார்க்கிறது. அது வைஃபையிலும் ஓடும், த்ரெட்டிலும் ஓடும். பெட்டியில் மேட்டர் சின்னம் இருந்தாலே வைஃபை வேண்டாம் என்று பொருளில்லை.

நாலு சாதனம் உள்ளவர் எதையும் மாற்ற வேண்டாம், பத்துப் பதினைந்து என்றால் தனிப் பெயர், வீடு முழுக்க விளக்கு மாற்றப்போகிறவர் ஹப் என்பது என் கணக்கு. எதில் போனாலும் 2.4-இன் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்; சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 இவற்றில் பக்கத்து வீடுகள் குறைவாக இருக்கும் ஒன்றில் நிறுத்துங்கள். ஆட்டோ சில நேரம் 12, 13-க்குப் போய்விடும்; 11 வரை மட்டுமே தெரிந்த சாதனங்களுக்கு அப்போது வைஃபையே கண்ணில் படாது.

ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு சாதனம் முதன்மைப் பெயரில் இருக்கிறதே, எல்லாவற்றையும் புதுப் பெயருக்கு எப்படி மாற்றுவது என்று மலைக்கிறீர்களா? மாற்றாதீர்கள். இப்போதைய பெயரையும் பாஸ்வேர்டையும் சாதன நெட்வொர்க்குக்குக் கொடுத்துவிடுங்கள், பூட்டு வகை டபிள்யூபிஏ2. முதன்மை நெட்வொர்க்குக்குப் புதுப் பெயர் வையுங்கள். பல்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் உள்ள செல்போன்களிலும் கணினிகளிலும் பழைய பெயரை ‘மறந்துவிடு’ என்று சொல்லி, புது பாஸ்வேர்டை ஒரு தடவை அடிக்க வேண்டும், டிவியிலும் பிரிண்டரிலும்கூட. அவ்வளவும் தரையில் நின்றபடியே செய்யக்கூடியவை.